மூணு புரிக் கயிறும் என் டி.என்.ஏ. பாடமும்

அன்னிக்கு எனக்கு ஒரே ஒரு வேலதான். மறுநாள் பொன்னேரி காலேஜ்ல எடுக்கப்போற பாடத்துக்கு ஒரு மாடல் செய்யணும்.

தொண்ணூறுகள் கடைசியில நடந்தது. வேலைக்குச் சேர்ந்த புதுசு. போர்டுல படம் போட்டா பசங்க தூங்குதுங்க. செஞ்சு காட்டி அசத்திடணும்னு எனக்கு ஒரு திமிரு!

பாடம் இதான். டி.என்.ஏ., ரெண்டு புரி முறுக்கின கயிறு மாதிரி. நகலெடுக்கணும்னா முதல்ல முறுக்கைப் பிரிக்கணும். அதுக்கு ஹெலிகேஸ்னு ஒரு புரதம். ஆறு துண்டு ஒண்ணா கூடி வளையமா நிக்கும். ஒரு புரியை மட்டும் உள்ள வாங்கிக்கினு ஓடும். இன்னொரு புரி வெளிய ஒதுங்கிடும்.

கயித்துக்கா பஞ்சம்? கொல்லையில நைனாவோட வலைக்கயிறு கெடந்துது. வலையிலேர்ந்து ஆறு ஈயக்குண்டை அவுத்துக் கம்பியில கோத்தேன். வளையம் ரெடி!

அன்னிக்கு நைனாவுக்குப் பாடு. ஏரியில இறால் வலை கட்ட ஆளுக்கு ஒரு நாள் முறை வெச்சிருப்பாங்க, அதான் பாடு. நேரத்துக்குப் போகலன்னா அடுத்த ஆளு எறங்கிடுவான். சாயங்காலம்தானே கெளம்புவாரு, அதுக்குள்ள கயித்தை வெச்சிடலாம்னு நெனச்சேன்.

கயித்தை முருங்க மரத்துல கட்டினேன். நுனியைப் பிரிச்சேன்.

மூணு புரி!

டி.என்.ஏ.வுக்கு ரெண்டுதானே? ரொம்ப யோசிக்கல. மூணாவதை முழுசா உருவிட்டேன். எம்மாம் படிப்பு பாருங்க!

வளையத்தை மாட்டி ஓட விட்டேன். சர்ருனு மரம் வரைக்கும் போச்சு, ஒண்ணும் பிரியல. அப்புறம்தான் பாத்தேன், ரெண்டு புரியையும் சேத்து மாட்டியிருக்கேன். கம்பியைத் தொறந்து ஒரு புரியை மட்டும் உள்ள விட்டு மூடினேன்.

அடடா! பின்னாடி ரெண்டு புரியும் அழகா பிரிஞ்சுது. சந்தோஷம் தாங்கல. இழுக்கறேன், இன்னும் இழுக்கறேன்.

முன்னாடிப் பக்கத்தை எவ பாத்தா? மரத்துல கட்டின பக்கம் முறுக்கு ஏறி ஏறி, கயிறு சுருண்டு, முடிச்சு மேல முடிச்சா நிக்குது. வளையம் அசையவே மாட்டேங்குது.

அப்பதான் நைனா வந்தாரு.

"எங்கடி கயிறு?"

நான் மரத்தைப் பாத்தேன். அவரும் பாத்தாரு.

"இன்னாடி இது?"

"ஹெலிகேஸ், நைனா."

"அதைத் தூக்கி அடுப்புல போடு! என் பாடு போச்சே!"

சத்தம் கேட்டு ஏகாம்பரம் சித்தப்பா வேலிப் பக்கம் வந்துட்டாரு. அடுத்த முறை அவருது. மூஞ்சியில அப்பிடி ஒரு சந்தோஷம்.

"இன்னாண்ணே, முடியலயா? நான் வேணா எறங்கட்டுமா?"

"நீ வாய மூடு!"

நானும் நைனாவும் சுருளை ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். இன்னும் இறுகிக்கிச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அம்மா சமையக்கட்டுலேர்ந்து அருவாமனையோட வந்தாங்க. சுருண்ட எடத்துல ஒரே அறு. விர்ருனு சுத்தி முறுக்கெல்லாம் தானா எறங்கிடுச்சு. ரெண்டு முனையையும் திரும்பக் கட்டினாங்க. ஒரு புரி கொறஞ்சதால கயித்தை ரெட்டையா மடிச்சாங்க. நீளம் பத்தாததுக்குக் கெணத்துக் கயித்தை அவுத்து முடிஞ்சாங்க.

"எடுத்துக்கினு ஓடுய்யா!"

நைனா ஓடினாரு. சித்தப்பா மூஞ்சி தொங்கிடுச்சு.

கெணத்துக் கயிறு ஏரியில. அதனால ஊட்டுக்குத் தண்ணி பூரா அடுத்த தெருவுலேர்ந்து நான்தான் சொமந்தேன்.

விடியக்காலம் நைனா கூடை நெறைய இறாலோட வந்தாரு. சிரிச்ச மூஞ்சி! எனக்கு உசுரே வந்துது.

"ஆமா, அந்த வளையம் எங்க கீதுன்ன?"

"நம்ம உடம்புக்குள்ளதான் நைனா. செல்லு பிரியறப்பல்லாம் இந்த வேலயப் பாக்குது."

"ஒழுங்காப் பாக்குதா?"

"பாக்கலன்னா நாம உசுரோட இருக்க முடியுமா?"

நைனா இறாலைக் கொட்டிக்கினே சொன்னாரு: "நல்லவேள, அந்த வேலய உன்கிட்ட குடுக்கல."