பசுமைப் படகும் பாழாய்ப்போன என் வாயும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. நான் உடம்பளவில் நலம். என் மகளும் நலம், ஆனால் என்னோடு பேசுவதில்லை. உங்கள் பாய்மரப் படகு மிதக்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நீங்கள் அந்தக் கப்பல் பட்டறையில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தையும் சாப்பிட்ட பிறகே படியுங்கள்.

கிளம்பும்போது நீங்கள் சொன்னது காதிலேயே நிற்கிறது. "மாமா, இனிமே பசுமைச் சான்று இல்லாத படகுக்குத் துறையில இடம் கிடையாதாம். சான்று கெடச்சுட்டா திரும்பி வந்து சவாரி விட்டுப் பொழச்சுக்கறேன், எல்லாரும் ஒரே வீட்டுல இருக்கலாம். கெடைக்கலன்னா பட்டறையிலயே நிரந்தரமா கையெழுத்துப் போட்டுட்டு அவளயும் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றீர்கள். தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை வைக்கும் இலாகாவில் தலை நரைக்கும்வரை ஆய்வாளராக இருந்த மனுஷன், ஒரு படகைத் தேற்றிவிட மாட்டாரா என்று நம்பி என்னிடம் விட்டுப் போனீர்கள். அந்த நம்பிக்கையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன் மாப்பிள்ளை.

வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஊரே 'கிரீஸ்' என்று கூப்பிடுகிற உங்கள் மெக்கானிக்கும் நானும் முதலில் படகின் அடியில் இருந்த விஷப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, கடலுக்குக் கெடுதல் செய்யாத பூச்சை அடித்தோம். கெடுதல் இல்லை என்பது சிப்பிகளுக்கு எப்படித்தான் தெரிந்ததோ, துறையில் இருந்த அத்தனையும் குடும்பம் குட்டியோடு வந்து ஒட்டிக்கொண்டன. டீசல் எஞ்சினைத் தூக்கிவிட்டு பேட்டரி மோட்டார் வைத்தோம். புகை இல்லை, சத்தம் இல்லை. ஓடுகிறதா நிற்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும், நான் தொட்ட நேரமெல்லாம் நின்றுதான் இருந்தது. காரணம், பேட்டரிக்கு மின்சாரம் தரும் சூரியத் தகடுகளைக் கடற்காகங்கள் கழிப்பறையாக்கிவிட்டன. விரட்டலாம் என்று கையை ஓங்கினால், பறவைகளைத் துன்புறுத்தக் கூடாது என்று படகுத்துறை அலுவலகத்தின் பலகை எதிரிலேயே முறைக்கிறது. காலையும் மாலையும் ஈரத்துணியோடு ஏறித் துடைத்ததில் என் இடுப்பு போனதுதான் மிச்சம். இந்த லட்சணத்தில் வெள்ளோட்டம் வேறு விட்டோம். நடுத்தண்ணீரில் காற்றும் நின்றது, பேட்டரியும் படுத்தது. ஒரு பழைய டீசல் இழுவைப் படகு வந்து, வானம் கறுக்கும் அளவுக்குப் புகை கக்கிக்கொண்டு எங்களை இழுத்து வந்தது. அதை ஓட்டியவர், "பெரியவரே, ஒரு சுத்தமான படகுக்கு எவ்ளோ பொகை தேவைப்படுது பாத்தீங்களா?" என்று எல்லார் காதிலும் விழக் கேட்டார். என் மகள் கரையில் நின்றுகொண்டு, யாரோ எவரோ என்று வேறு பக்கம் பார்த்தாள்.

அப்படியும் விட்டேனா? தகடுகளுக்கு மேலே கம்பி கட்டினோம். என் மகளே படகுக்கடியில் படுத்துச் சிப்பியெல்லாம் சுரண்டினாள். கழிப்பறைக் கழிவு நேராகக் கடலுக்குப் போகாமல் இருக்கத் தொட்டி வைத்தோம். துறையில் இருக்கும் பம்பில் கொடுத்து அதைக் காலி செய்துகொள்ளலாம். எல்லாம் முடிந்து ஒன்றே ஒன்று பாக்கி. கழிவைக் கடலில் திறந்துவிடும் பழைய வால்வு துருப்பிடித்து, கழற்ற வரவில்லை. "அது பாட்டுக்குக் கெடக்கட்டும் சார், எந்த அதிகாரி அங்கெல்லாம் குனிஞ்சு பாக்கப்போறாரு?" என்றார் கிரீஸ். அவர் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவே கூடாது.

செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்தார். வெள்ளைப் பேண்ட், வெள்ளை ஷூ. தகட்டைத் தட்டினார், மோட்டாரை எட்டிப் பார்த்தார், தொட்டியின் மூடியைப் பார்த்துத் தலையாட்டினார். "பிரமாதம், நல்லாப் பண்ணிருக்கீங்க" என்று பேனாவைத் திறந்தார். என் மகள் கிரீஸைப் பார்த்துச் சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்போது ஒரு குரல், "சார், நீங்க குனிஞ்சு பாக்கலயே?" என்று கேட்டது. யாரடா இந்தச் சண்டாளன் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். கேட்டது நான்தான்.

"குனிஞ்சா என்ன இருக்கு?" என்றார் அதிகாரி.

"அத நீங்கதான் கண்டுபிடிக்கணும். நானே சொல்லிட்டா அப்பறம் அது என்ன ஆய்வு சார்?"

வெள்ளைப் பேண்டோடு முட்டி போட்டார். வால்வைக் கண்டுபிடித்தார். சான்று இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, முட்டியைத் தட்டிக்கொண்டே போய்விட்டார். கிரீஸ் தலையில் அடித்துக்கொண்டார். என் மகள் "அப்பா" என்று மட்டும் சொன்னாள்.

நான் என்ன செய்வேன் மாப்பிள்ளை? ஒரு கடையிலும் தராசைத் தூக்கிப் பார்க்காமல் முத்திரை வைத்தவன் இல்லை நான். அந்த ஆள் குனியாமலே கையெழுத்துப் போடப் போனதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் மகள் என்னோடு இருப்பாள் என்பதும் அந்த நிமிஷமே தெரியும். தெரிந்தும் பேசினேன். என்ன ஜென்மமோ! அன்று சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அவள் கேட்டாள்: "நீங்க சொன்னது தப்புன்னு சொல்லலப்பா. அவரு போனதுக்கப்பறம் நாமளே அத அறுத்துப் போட்டிருக்கலாம் இல்ல?" சத்தியமாக எனக்கு அது தோன்றவே இல்லை. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

ஆகவே நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை. சோறு வடிக்கத் தெரியும், ரேடியோ இருக்கிறது, கதவைத் தட்டிப் பார்க்க அக்கம்பக்கம் இருக்கிறது. உங்கள் மாமியார் போனபோதே சமாளித்தவன், இதையும் சமாளித்துக்கொள்வேன். நீங்கள் இருவரும் எந்த ஊரில் இருந்தாலும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல், நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும் என்று மனமார வாழ்த்தும்,

உங்கள் மாமனார்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் என் மகள் இதைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். "சமாளிச்சுக்குவேன்னு பொய்ய எழுதி, அதுக்கு ஸ்டாம்ப் வேற ஒட்டணுமாப்பா?" என்றாள். பேசிவிட்டாள்! அவள் நேற்றே அந்த அதிகாரியைப் போய்ப் பார்த்திருக்கிறாள். "ஓட்டைய அடச்சுட்டுக் கூப்புடுங்க, மறுபடி வந்து பாக்கறேன். ஆனா அன்னைக்கு உங்கப்பாவ வீட்டுல வெச்சுட்டு வாங்க" என்றாராம். எனக்குத் தெரியாமலே படகைக் கரையேற்றி கிரீஸ் வால்வை அறுத்துக்கொண்டிருக்கிறார். அதிகாரி வரும் நாளை என்னிடம் சொல்லவே மாட்டார்களாம். ஆகவே மேலே எழுதியதை எதையும் நம்ப வேண்டாம். கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். சீக்கிரம் வந்துவிடுங்கள் மாப்பிள்ளை. அவளில்லாமல் என்னால் ஒரு நாள்கூடச் சமாளிக்க முடியாது.