'உழைப்பவர் உரத்த குரல்' பற்றி அரிகிருஷ்ணனின் மேலான கருத்து

உலகத்தில் பேசிப் பேசியே பெரிய மனிதரானவர்கள் ஏராளம். எழுதி ஆனவர்களும் உண்டு. பஜ்ஜி மடிக்கக் காகிதம் கிடைக்கிறது என்பதால் அவர்களையும் மறந்துவிடக் கூடாது. ஆனால் கேட்டுக் கேட்டே பெரிய மனிதரானவர், நாம் அறிந்தவரை, புதுச்சேரி முத்தியால்பேட்டையைச் சேர்ந்த அரிகிருஷ்ணன் ஒருவர்தான். இப்படி ஒருவர் தங்கள் ஊரில் பிறக்கவில்லையே என்று கடலூர்க்காரர்கள் பொறாமைப்பட்டார்களா என்று தெரியவில்லை. பட்டிருக்க வேண்டும்.

அவர் ஓர் ஆலையில் நெசவுப் பகுதித் தொழிலாளி. ஆலையின் பெயர் வேண்டாம். அதற்கென்று கொஞ்சம் மானம் இருக்கலாம். தறிச் சத்தத்தில் நாளெல்லாம் நிற்பவர்களுக்குக் காது போய்விடும் என்பார்கள். அரிகிருஷ்ணனுக்குக் காது போகவில்லை. வேறு என்னவோ போயிருந்தது.

எண்பத்து மூன்றாம் வருஷம் பாரீசிலிருந்து லீவில் வந்த மைத்துனர், இரண்டு கேசட் போடும் டேப் ரிக்கார்டர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றைப் பாட விட்டால் இன்னொன்றில் அப்படியே பதியும். அதே சமயம் சென்னையில் ஒரு கம்பெனி, படிக்க உடம்பு வணங்காத தமிழர்களுக்காக அரசியல், சமுதாயம், தலைமைப் பண்பு ஆகியவற்றைப் பற்றிய நூல்களை ஆள் வைத்துப் படித்துக் கேசட்டில் அடைத்து விற்க ஆரம்பித்தது. 'பேசும் நூல்' என்று பெயர். பேசும் நூலுக்கும் கேட்கும் மனிதருக்கும் பொருத்தம் பார்க்க ஜோசியர் தேவைப்படவில்லை.

வெறுமனே கேட்டுவிட்டுப் போவதற்கு அவர் என்ன சாதாரண ஆளா? ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒரு 'மேலான கருத்து' சொன்னார். 'நாடும் நாற்காலியும்' நூலைக் கேட்டுவிட்டு, "ஊழலைத் தோலுரிக்கிறாரு. ஆனா உரிக்கிறவருக்கு ஜலதோஷம்" என்றார். 'விழித்த சமுதாயம் தூங்குமா?' பற்றி, "முதல் பக்கத்துல எனக்குத் தூக்கம் வந்துடுச்சு. ரெண்டாவது பக்கம் பரவாயில்ல, தூங்கிட்டேன்" என்றார். 'அஞ்சாதவன் முன்னே வருவான்' ஓடிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஒரு போலீஸ்காரர், தள்ளுவண்டியில் கடலை விற்றவனைக் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தார். சத்தம் இடைஞ்சலாக இருந்ததால் அரிகிருஷ்ணன் எழுந்து போய்ச் சன்னலைச் சாத்திவிட்டு வந்து, அஞ்சாமையின் மூன்றாம் படியைத் தொடர்ந்து கேட்டார்.

இத்தனை கருத்துகளை ஒரு மனிதர் வீட்டுக்குள் வைத்துக்கொண்டால் புழுத்துப்போகும் அல்லவா? எனவே 'முத்தியால்பேட்டை கேட்போர் பேரவை' உதயமாயிற்று. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சார்ஜன்டாக இருந்து பென்ஷன் வாங்கும் முசே லூர்துநாதன் தலைவர். அவர் வீட்டு வாசல்தான் மண்டபம், அவர் போட்ட பெஞ்சிதான் இருக்கை. தமிழ் நூல்கள் அவருக்குப் பாதிதான் விளங்கும். ஆனால் கூட்டத்தில் யாராவது இருமினால், "சிலான்ஸ்!" என்று அவர் போடும் ஓர் அதட்டலில் இருமல் உள்ளேயே அடங்கிவிடும். தலைமைப் பண்பு என்றால் அது.

இப்படிச் சமுதாயம் முன்னேறிக்கொண்டிருந்தபோதுதான் அம்மாவாசை குறுக்கே வந்தான்.

அம்மாவாசை அதே தெரு, அதே ஆலை, பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதி. அவன் வலது கையை மிஷின் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் போட்டார்கள். புண் சீழ் வைத்துக் காய்ச்சல் ஏற, பிழைக்க மாட்டான் என்று டாக்டர்கள் பேசிக்கொண்டது அவன் மனைவி மணியம்மாள் காதில் விழுந்தது. மிஷினை நிறுத்தி வைத்திருந்தோம், அவனாகவே ஓட்டிக் கையை விட்டுக்கொண்டான் என்று ஆலை சொல்லியது. ஆலை விபத்தில் செத்தால் மனைவிக்கு வேலை உண்டு. தன் தவறால் செத்தவன் மனைவிக்குக் கிடையாது. சாவதிலும் அப்படி ஒரு ஒழுங்கு வைத்திருந்தார்கள்.

மணியம்மாள் அரிகிருஷ்ணன் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"அண்ணே, அந்தப் பொட்டிய எடுத்துக்கினு வாங்கண்ணே. நடந்தத அவரு வாயாலயே சொல்லட்டும். சங்கத்து வக்கீல் கேட்டாரு. பொறவு வாயில்லாம பூடும்ணே."

அரிகிருஷ்ணன் பெருந்தன்மையோடு ஒரு புதுக் கேசட்டுடன் போனார். அம்மாவாசை கட்டிலில் கிடந்தபடியே பேசினான்.

"என் பேரு அம்மாவாசை. கார்டிங்ல வேலை செய்யறேன். பஞ்சு அடைச்சுக்கிச்சு. மிஷின நிறுத்திட்டு எடுக்கறேன்னு சொன்னேன். நிறுத்துனா உற்பத்தி கொறையும், ஓடும்போதே கைய வுட்டு இழுடான்னாரு மேஸ்திரி. வுட்டேன்."

அவ்வளவுதான். மூச்சு வாங்கியது. அரிகிருஷ்ணன் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டுச் சற்று யோசித்தார்.

"தொடக்கம் நல்லா இருக்குது. பேரு, வேலை, எல்லாம் கரெக்டா வருது. ஆனா முடிவு சட்டுனு வந்துடுது. இன்னும் கொஞ்சம் விரிச்சிருக்கலாம்."

மணியம்மாள் ஒன்றும் புரியாமல் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த வாரமே அம்மாவாசை செத்துப்போனான். கருத்துச் சொன்னால் திருத்திக்கொள்ளும் சுபாவம் சிலருக்கு இருப்பதில்லை.

விசாரணைக்குத் தேதி குறித்தார்கள். கேசட்டைப் பத்திரமாக வைத்திருந்து அன்றைக்குக் கொண்டுவாருங்கள், அது போதும், மணியம்மாளுக்கு வேலை உறுதி என்று சங்கத்து வக்கீல் சொல்லிவிட்டுப் போனார். மேஸ்திரிக்குப் பயந்து, பார்த்த எவனும் சாட்சி சொல்ல முன்வராததால் வேறு வழியும் இல்லை. கேசட் அரிகிருஷ்ணன் வீட்டு அலமாரியில், தலைவர்களோடு தலைவராக இருந்தது.

விசாரணைக்கு முந்தைய சனிக்கிழமை, ஆலையின் லேபர் ஆபீசர் அரிகிருஷ்ணனைத் தம் அறைக்கு அழைத்து, உட்காரச் சொன்னார். தொழிலாளியை உட்காரச் சொல்லும் ஆபீசரிடம் இலக்கிய ஆர்வம் இல்லாமல் போகுமா? இருந்தது.

"தலைமையப் பத்தி உங்கள மாதிரி கேட்டவங்க இந்த ஆலையில யார் இருக்காங்க, அரிகிருஷ்ணன்? நெசவுல ஒரு மேஸ்திரி எடம் காலியா இருக்குது. யாரப் போடறதுன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன்."

"நல்லா யோசிங்க சார். 'யோசிப்பவன் ஆள்வான், அவசரப்பட்டவன் ஆளப்படுவான்'. 'நாடும் நாற்காலியும்', ரெண்டாவது பக்கம்."

"பாத்தீங்களா! அதத்தான் சொல்றேன்" என்ற ஆபீசர், மேஜை அறையைத் திறந்து பளபளவென்று ஒரு கேசட்டை எடுத்தார். "புதுசா வந்திருக்குது. 'உழைப்பவர் உரத்த குரல்'. தொழிலாளி வர்க்கத்தோட கண்ணீர் முழுக்க இதுல இருக்குது. எனக்கே அழுகை வந்துடுச்சு. நாளைக்குச் சாயங்காலம் திருப்பித் தந்துடணும். வேணும்னா பதிஞ்சு வெச்சுக்குங்க. காலி கேசட் இருக்குதா?"

"இல்லையே சார். ஷிப்டு முடியறதுக்குள்ள கடைய மூடிடுவாங்க. நாளைக்கு ஞாயித்துக்கெழம. கடையும் இருக்காது."

"வீட்டுல தேடிப் பாருங்க. எதுக்கும் உதவாதது ஒண்ணு கட்டாயம் இருக்கும்" என்றார் ஆபீசர் கனிவாக. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாகக் கதை உண்டு. அந்த ஓநாய்க்குக் கேசட் இரவல் கொடுக்கத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அரிகிருஷ்ணன் அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு, எதை அழிப்பது என்று ஆலோசனையில் இறங்கினார். நாட்டின் எதிர்காலம் சம்பந்தப்பட்ட விஷயம். 'அஞ்சாதவன் முன்னே வருவா'னை அழிக்கலாமா? அழித்தால் நாட்டில் அஞ்சாமைக்கு எங்கே போவது! 'நாடும் நாற்காலியும்' போனால் நீதி போயிற்று. 'விழித்த சமுதாயம்' கையில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதுவும் பயபக்தியோடு அலமாரிக்குத் திரும்பியது. கடைசியில் அவர் கை, அட்டையில்லாத, பெயர் ஒட்டாத ஒரு கேசட்டில் போய் நின்றது.

அவர் மனைவி வேம்பு அப்போதுதான் பூசைக்குப் பூ வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஏங்க, அது மணியம்மா வூட்டுக்காரர் பேசுனது இல்ல?"

"ஆமா."

"அத ஏன் எடுக்கறீங்க?"

"இதுல ஒரு அத்தியாயம்கூட முழுசா இல்ல வேம்பு. முன்னுரை இல்ல, முடிவுரை இல்ல. ஒரு பக்கத்துல கால்வாசிகூட வரல. பாக்கியெல்லாம் சும்மா ஓடுது. எவ்ளோ டேப் வேஸ்ட்டு!"

"அய்யோ சாமி! அந்தப் பொம்பளைக்கு அதுதானே இருக்குது? வேணும்னா அந்த நாற்காலி கேசட்டு மேல பதிஞ்சுக்குங்க. நீங்கதான் அத நூறு தபா கேட்டுட்டீங்களே!"

அரிகிருஷ்ணனுக்குக் கோபம் வந்தது. நூலின் அருமை தெரியாதவர்களோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"அம்மாவாசை சொன்னத நான் கேட்டுட்டேன் இல்ல? என் மனசுல பதிஞ்சு கெடக்குது. விசாரணையில நானே எழுந்து சொல்லப்போறேன். ஒரு தலைவன் சொல்றதும் ஒரு பொட்டி சொல்றதும் ஒண்ணா?"

"சொல்லுவீங்களா?"

"பின்ன?"

வேம்பு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மேஸ்திரி வேலை கெடைக்குதுன்னு தெருவுல பேசிக்கறாங்க. நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு, வாங்கிய பூவைச் சாமிக்குப் போடாமல் அங்கேயே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அரிகிருஷ்ணன் பொத்தானை அமுக்கினார். உழைப்பவரின் உரத்த குரல் சத்தமே இல்லாமல் அம்மாவாசையின் மேல் பதிந்தது.

புதுச்சேரியின் உப்பளம் பகுதியில் ஓர் அரசு அலுவலகத்தில் விசாரணை நடந்தது. மணியம்மாள் கை கூப்பியபடியே நின்றாள். கேசட் எங்கே என்று வக்கீல் கேட்டார். 'நிர்வாகக் காரணங்களால்' அது தற்போது கிடைக்கவில்லை என்று அரிகிருஷ்ணன் தெரிவித்தார். வக்கீல் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"சரி, நீங்க காதால கேட்டீங்க இல்ல? இறந்துபோனவர் என்ன சொன்னாரு?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

அறையின் மறுகோடியில் லேபர் ஆபீசர் உட்கார்ந்திருந்தார். அவர் யோசித்துக்கொண்டே இருப்பது அரிகிருஷ்ணனுக்கு நன்றாகத் தெரிந்தது.

"உருக்கமா பேசுனாருங்க. நல்ல குரல் வளம். இருமல்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

"மிஷின் ஓடுச்சா, நின்னுச்சா? அதச் சொல்லுங்க."

"அந்தப் பகுதியில ஒலிப்பதிவு தெளிவா இல்லீங்க."

"அண்ணே! பக்கத்துல நின்னு கேட்டீங்களே அண்ணே!" என்று மணியம்மாள் கத்தினாள். விசாரணை அதிகாரி மேஜையைத் தட்டினார். மேலான கருத்து பதிவு செய்யப்பட்டது. மணியம்மாளுக்கு வேலை இல்லை என்று முடிவாயிற்று. நெசவுப் பகுதிக்குப் புது மேஸ்திரி வந்தார். யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அவர் நடக்கும்போதே முன்னே வந்துவிட்டவர் என்று தெரிந்தது.

மேஸ்திரியானதைக் கொண்டாடக் கேட்போர் பேரவை ஒரு 'மாபெரும் கேட்பரங்கம்' நடத்தியது. முசே லூர்துநாதன் வீட்டு வாசலில் பந்தல், வேப்பமரத்தில் கூம்பு ஒலிபெருக்கி, முன் வரிசையில் லேபர் ஆபீசர். 'உழைப்பவர் உரத்த குரல்' தெருவுக்கே ஒலிக்கப்போகிறது. எதிர் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்திருந்த மணியம்மாள், கையெல்லாம் சாம்பலோடு பந்தல் ஓரத்தில் வந்து நின்றாள். இப்போது அவளுக்கு அதுதான் வேலை.

அரிகிருஷ்ணன் பொத்தானை அமுக்கினார். ஒலிபெருக்கி ஒரு தடவை செருமிக்கொண்டது.

"என் பேரு அம்மாவாசை. கார்டிங்ல…"

அதற்குள் வீணை இசை வந்துவிட்டது. கணீரென்று ஒரு சென்னைக் குரல், 'உழைப்பவர் உரத்த குரல். முதல் அத்தியாயம்' என்று ஆரம்பித்தது. அன்றைக்குக் கேசட்டை முழுக்கப் பின்னால் ஓட்டாமல் பதிந்திருக்கிறார். மேஸ்திரியாகப் போகிற அவசரத்தில் யாருக்கும் வருகிற மறதிதான்.

பந்தலில் இருந்தவர்கள் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார்கள். தெருவில் எல்லோருக்கும் அந்தக் குரலைத் தெரியும். மணியம்மாள் முன்னால் வந்தாள்.

"அண்ணே, வேலையெல்லாம் கேக்கலண்ணே. இன்னொரு தபா போடுங்க. மொதல்ல வருதே, அத மட்டும். பொறவு அவரு இன்னா வேணும்னாலும் பேசிக்கட்டும்."

"சிலான்ஸ்!" என்றார் முசே லூர்துநாதன். பழக்கம். சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

நூல் ஓடி முடிந்தது. தொழிலாளியின் கண்ணீரைப் பற்றிய அத்தியாயத்தில் லேபர் ஆபீசர் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தார். அரிகிருஷ்ணன் எழுந்து, துண்டைச் சரிசெய்துகொண்டு, தம் மேலான கருத்தை வழங்கினார்.

"தொழிலாளிக்காக இதுக்கு மேல ஒருத்தர் பேச முடியாது. ஒரே ஒரு குறை. தொடக்கத்துல, நூலுக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஆளு வந்து பேரச் சொல்லிட்டுப் போறாரு. கேக்கறவங்களுக்கு அது இடைஞ்சல்."

முன் வரிசை கைதட்டியது. மணியம்மாள் மட்டும் போகாமல் நின்றாள். கூட்டத்தில் கேசட்டைப் பின்னால் ஓட்டப் பேரவை விதிகளில் இடமில்லை, காலையில் வீட்டுக்கு வா என்று அவளுக்குச் சொல்லப்பட்டது.

காலையில் விடிந்ததும் விடியாததுமாக வந்து வாசலில் நின்றாள். கருத்து சொல்வதோடு நின்றுவிடுகிறவர் அல்லவே அரிகிருஷ்ணன்! ஆபீசரிடம் மூலக் கேசட்டை ராத்திரியே மறுபடி இரவல் வாங்கிவந்து, அதற்கும் முன்னாலேயே எழுந்து, தம் கேசட்டை அடி வரைக்கும் பின்னால் ஓட்டி, முதலிலிருந்து பதிந்து முடித்திருந்தார்.

"வாம்மா. இப்ப கேட்டுப் பாரு" என்று பெருமையோடு பொத்தானை அமுக்கினார்.

வீணை இசை தெளிவாக வந்தது. உழைப்பவரின் உரத்த குரலுக்கு இடைஞ்சலாக அதில் இப்போது உழைத்தவன் எவனும் இல்லை.