குழி வேண்டுமென்று மனுக் கொடுத்த இருந்தபடி அண்ணன்

மதுரை மாறிக்கொண்டிருந்தபோது அதைத் தடுக்கத் தனியாளாக நின்று சண்டை போட்டவர் ஒரே ஒருவர்தான். மற்ற நாமெல்லாம் ஊர் மாறி முடிந்த பிறகு, ‘அந்தக் காலத்திலே’ என்று பெருமூச்சு விட்டவர்கள். அந்த ஒருவருக்கு இருந்தபடி அண்ணன் என்று பெயர். பெற்றவர்கள் வேறு ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். யாரும் கேட்டதில்லை.

எழுபதுகளின் கடைசியில், உசிலம்பட்டி, எழுமலைப் பக்கம் போகிற தனியார் பஸ்கள் நின்ற பழைய பஸ் ஸ்டாண்டில் அவர் டைம் கீப்பர். பஸ் வந்த நேரம், கிளம்பிய நேரம் குறிக்க வேண்டும். ஊர்ப்பெயரைக் கூவி ஆள் ஏற்ற வேண்டும். நான் அதே கம்பெனியின் பார்சல் ஆபீஸ் கிளார்க். என் மேஜைக்கும் அவர் ஸ்டூலுக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டி. அவர் குரலைக் கேட்டே என் இடது காது பாதி மந்தமாகிவிட்டது. இன்றைக்கும் என் மனைவி கத்திப் பேச வேண்டியிருக்கிறது என்றால் அதற்கு அவர்தான் காரணம்.

ஸ்டாண்டில் ஒரு கூடை இடம் மாறினாலும் மனுஷனுக்குப் பொறுக்காது. “இருந்தபடி இருக்கட்டும்யா” என்று கிளம்பிவிடுவார். கொய்யாப்பழக்காரி ஒருநாள் வெயில் தாங்காமல் கூடையை வேப்பமரத்தடிக்கு நகர்த்தினாள். இவர் போய்ச் சண்டை பிடித்தார். மண்டை காய்கிறது, வேண்டுமானால் நீ வந்து உட்கார் என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் எங்கிருந்தோ ஒரு பெரிய குடையைக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே நட்டு, அவளை அதன் கீழே உட்கார வைத்தார். அதற்குப் பிறகு அவரைக் கண்டாலே அவள் தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் குடையை விட்டு நகரவில்லை.

நடைபாதையில் சைக்கிள் நின்றால் காற்றைப் பிடுங்கிவிடுவார். போலீஸ்காரர் சைக்கிளுக்கும் அதே கதிதான்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எங்கள் ஆபீஸ் வாசலில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி இருந்தது. மழை பெய்தால் அதில் எருமை படுக்கலாம். அதை மூடச் சொல்லி ஊரே கத்தி ஓய்ந்த பிறகு, ஒருநாள் அதிசயமாக ஒரு லாரி ஜல்லி வந்து இறங்கியது. அண்ணன் குழிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். மூடக் கூடாதாம். மனுவே கொடுத்தார். எழுதியவன் நான்தான். காரணம் என்ன போடட்டும் என்று கேட்டதற்கு, “பழகிருச்சுன்னு போடு தம்பி” என்றார். மேஸ்திரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜல்லியை அள்ளிப் போட்டுக்கொண்டு போனவர்தான், திரும்பி வரவே இல்லை. கொடுத்த அன்றைக்கே நிறைவேறிய மனு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அவரிடம் இன்னொரு வித்தை இருந்தது. பஸ் முனை திரும்புவதற்கு முன்பே, இன்ன பஸ், இன்ன டிரைவர் என்று சொல்லிவிடுவார். வண்டி நிற்கும்போதே, “கியரு கரகரங்குது, பாரு” என்பார். பாண்டி என்கிற டிரைவர், அண்ணனுக்குக் கருப்பசாமி வாக்கு இருக்கிறது என்று நம்பி மாதம் ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தான். அண்ணன் அதைச் சோடாவில் பிழிந்து குடித்துவிடுவார்.

கையில் வாட்ச் கட்டியிருப்பார். ஆனாலும் மணி என்னவென்று என்னிடம்தான் கேட்பார். என் வாட்ச் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கிறாராம். தன் எழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கும் என்று சொல்லி, நேரப் புத்தகத்தையும் என் தலையில் கட்டிவிட்டார். இத்தனையையும் தினம் பார்த்துக்கொண்டிருந்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மடையன் என்றால் என்னை மாதிரி மடையன் இருக்க முடியாது.

ஒருநாள் மத்தியானம் நானும் பாண்டியும் சேர்ந்து ஒரு குறும்பு செய்தோம். அண்ணன் தண்ணீர் குடிக்கப் போன நேரம், அவர் ஸ்டூலை ஒரு கை தூரம் தள்ளி வைத்தோம். வந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, எப்போதும் போல உட்கார்ந்தார். பொத்தென்று தரையில் விழுந்தார். ஸ்டாண்டே சிரித்தது, நானும் சிரித்தேன். அண்ணன் திட்டவில்லை. தரையில் இருந்தபடியே ஸ்டூலைக் கையால் தேடினார். ஸ்டூல் அவருக்கு வலப்பக்கம், பளிச்சென்ற வெயிலில் இருந்தது. அவர் கை இடப்பக்கம் துழாவிக்கொண்டிருந்தது.

பாண்டியும் மற்றவர்களும் அதற்குள் வேறு பக்கம் திரும்பிவிட்டார்கள். பார்த்தது நான் மட்டும்தான். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து ஸ்டூலில் வைத்தேன்.

“எம்புட்டு நாளாண்ணே?” என்று கேட்டேன்.

“மூணு வருசமாச்சு. நெழல் மாதிரி தெரியும். இப்ப அதுவும் இல்ல. நரம்பு காஞ்சுபோச்சாம், ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாங்க. வெளிய சொல்லிறாத தம்பி. சொன்னா நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிருவான். மக படிப்பு நின்னுபோகும்.”

அவருக்கு மனைவி இல்லை. ஒரே மகள் செல்வி. ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு மிஷன் ஹாஸ்டலில் தங்கி டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள்; லீவுக்கும் அங்கேயே இருக்கச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெற்றவர்கள் போய்ப் பார்க்கலாம். அண்ணன் போனதே இல்லை. முறுக்கையும் பன்னையும் என்னிடம் கொடுத்தனுப்பி, டூட்டி என்று சொல்லச் சொல்வார். நான் கூட்டிப்போகிறேன் என்றதற்கு வேண்டவே வேண்டாம் என்றார். “என்னயப் பாத்தா அன்னைக்கே புத்தகத்தத் தூக்கிப் போட்டுட்டு எனக்குக் கஞ்சி காச்ச வந்துருவா. அவ வேலைக்குப் போற வரைக்கும் இங்க எதுவும் நகராம இருந்தாப் போதும்.”

அன்று முதல் அந்தப் பைத்தியம் எனக்கும் பிடித்தது. குப்பைத் தொட்டி நகர்ந்தால் நானும் சண்டைக்குப் போனேன். அவருக்குக் குடையிலிருந்து குழி பன்னிரண்டு அடி. குழியின் விளிம்பைச் செருப்பால் தடவி இடது பக்கம் திரும்பினால் தண்ணீர்க் குழாய். எனக்கும் எல்லாம் மனப்பாடம். என்னை ‘சின்ன இருந்தபடி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அது தெரிந்துபோய், அந்தச் சம்பந்தம் தட்டிப்போனது.

ஆனால் ஊர் யாருக்காக நிற்கும்? செல்வியின் கடைசிப் பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கும்போது ஸ்டாண்டைப் புதுப்பிக்க வந்துவிட்டார்கள். இந்த முறை எந்த மனுவுக்கும் யாரும் சிரிக்கவில்லை. மரம் போனது, தட்டி போனது, குழி போனது. கொய்யாப்பழக்காரியை வெளியே அனுப்பினார்கள். எல்லாம் ஒரே மட்டமாக சிமென்ட் ஆனது. எவ்வளவு அழகு என்று ஜனங்கள் சொன்னார்கள். பொழுது விடியும் முன்னால் நாங்கள் இருவரும் புதுத் தளத்தில் அடி எண்ணிப் பழகினோம். “வழுவழுன்னு இருக்கு தம்பி, காலுக்கு ஒண்ணுமே பேச மாட்டேங்குது” என்றார்.

திறப்பு விழா அன்று நாலு மூலையிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டார்கள். காது கிழிந்தது. வாசலில் மாலையும் கையுமாகக் கூட்டம். அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“பாட்டக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லு தம்பி. வண்டி எதுவும் கேக்கல. எனக்குப் பயமா இருக்கு.”

அவர் பயம் என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. இங்கேயே நில்லுங்கள் என்று சொல்லி, ஒரு தூணில் அவர் கையை வைத்துவிட்டு மைக்செட்காரனைத் தேடி ஓடினேன். யாரோ பெரிய மனிதர் வர, கூட்டம் மொத்தமாகத் தூண் பக்கம் தள்ளியதில் அண்ணன் தூணை விட்டு பஸ் பாதைக்குள் போய்விட்டார். பின்னால் வந்த பஸ் மெதுவாகத்தான் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

செல்வியிடம் சொல்ல நான்தான் ஹாஸ்டலுக்குப் போனேன். என்னைக் கண்டதும் முறுக்குப் பொட்டலத்துக்குக் கையை நீட்டினாள். எப்படிச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்கு அப்போது இருபத்தேழு வயது; இருந்தாலும் அவளுக்கு நான் சித்தப்பாதான்.

“ரெண்டு வருசம், ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் ஹாஸ்டல் வாசல்ல நின்னேன் சித்தப்பா. பத்து நிமிச வழி. ஒருநா வரல. அந்த பஸ் ஸ்டாண்டுதான் அவருக்குப் புள்ள. நான் யாரோதான?”

கொடுத்த வாக்கை அங்கேயே முறித்தேன். குடை, குழி, வாட்ச், ஸ்டூல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். பிறகு அழுதாள். அடுத்த மாதம் பரீட்சை எழுதினாள், வேலைக்கும் போனாள். நல்ல டீச்சர் என்று சொல்கிறார்கள்.

இப்போது பஸ்ஸெல்லாம் மாட்டுத்தாவணி, அது இதென்று எங்கெங்கோ போய்விட்டன. அதைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் திட்டினாலும் பரவாயில்லை என்று கையைப் பிடித்து அந்த ஹாஸ்டல் வாசல் வரைக்கும் இழுத்துப் போயிருக்கலாம். வேண்டாம் என்றுதான் சொன்னார். அவர் பேச்சை நான் கேட்டிருக்கவே கூடாது.