கணையத்துக்கு ஒரு மிஸ்டு கால்

கும்மிடிப்பூண்டி ரயிலடிக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் நிற்க இடமில்லை. ஸ்டெம் செல் சாமி வந்திருந்தார். ஸ்டெம் செல்லை வைத்துக் கணையத்தை ஆராய்கிறார்கள் என்று 2006-இல் பத்திரிகையில் வந்ததும் இந்தச் சாமிக்கு, அதாவது சடையப்பனுக்கு, ஞானம் பிறந்துவிட்டது. அதுவரை அவர் செல்போன் உறை விற்றவர். செல் என்றால் நம் ஊரில் ஒன்றுதானே?

சர்க்கரை நோயாளி வெல்லத்தைக் கையால் உருட்டிச் சாமியின் காலடியில் வைக்க வேண்டும். உடனே விரலில் குத்தி மீட்டரில் சர்க்கரை பார்ப்பார். நானூறு. பிறகு வயிற்றில் செல்போனை வைப்பார். கையாள் மிஸ்டு கால் கொடுப்பான். போன் அதிரும், தூங்கிய கணையம் விழித்துக்கொள்ளும். தீர்த்தத்தில் கை கழுவி மறுபடி குத்தினால் நூற்றுச் சொச்சம். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

இரும்பு ஆலைத் தொழிலாளி தானியேலின் மகள் சோனியா, சிறு வயதிலிருந்தே இன்சுலின் ஊசியால் உயிரோடிருப்பவள். அவளுக்கும் நானூறு, நூற்றுப் பத்தானது.

"இனிமே ஊசியத் தொடாத நைனா. மருந்தக் குப்பைல போடு," என்றார் சாமி.

தானியேல் மருந்துப் பையை நீட்டினார்.

"இருங்கண்ணே," என்றாள் பக்கத்து வீட்டு அஃபீஃபா. சென்னை ஆய்வகம் ஒன்றில் ஸ்டெம் செல் வளர்ப்பவள். "ஸ்டெம் செல்லுன்னா போன் இல்ல, ஒடம்புல இருக்கிற உயிரணு. அதைத் தட்டுல வளத்து, இன்சுலின் சுரக்கிற கணையச் செல்லா மாத்த முடியுமான்னு பாத்துக்கினு இருக்கோம். பாதி செத்துப்போவுது. மீதி சொன்ன பேச்சு கேக்கல."

"எங்க செல்லு கேக்குதேம்மா," என்றார் சாமி. கூட்டம் சிரித்தது.

"அப்ப எனக்கும் பாருங்க." வலக்கையால் வெல்லம் உருட்டினாள். நானூற்றைம்பது.

"அடப்பாவமே, உனக்கும் சக்கரை."

"இடது கையிலயும் குத்துங்க."

சாமி தயங்கினார். தானியேலே குத்தினார். தொண்ணூற்றெட்டு.

"ஒரே ரத்தம். ஒரு கைக்கு மட்டும் எப்டி சாமி சக்கரை வந்திச்சி? செல்லு இன்னும் அடிக்கவே இல்லியே."

மீட்டர் அப்பாவி. விரலில் ஒட்டிய வெல்லத்தையும் ரத்தத்தோடு சேர்த்தே அளக்கும். கழுவினால் வெல்லம் போகும், நோய் போகாது.

"அப்ப சோனியாவுக்கு நூத்திப் பத்து?" என்றார் தானியேல்.

"காலைல ஊசி போட்டேனே நைனா," என்றாள் சோனியா.

தானியேல் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "இன்னா சாமி, இதைத் தூக்கிப் போட்டிருந்தா எம்பொண்ணு கதி இன்னா?"

சாமிக்கு அவசர அழைப்பு வந்துவிட்டது. மணியடிக்காத போனைக் காதில் வைத்தபடி பின்பக்கம் நடந்தார். கூட்டம் சட்டையைப் பிடித்தது.

மூளையிலும் செல்கள் இருக்கின்றன, ஐயா. அவற்றுக்கு ரீசார்ஜ் வேண்டாம். சாமி வருகிறார் என்றதும் அணைத்து வைக்காமலிருந்தால் போதும்.