ஆண்டியப்பன் கங்காணியின் அர்ஜென்டினாப் பயணம்

அர்ஜென்டினாவுக்குப் போவதென்று ஆண்டியப்பன் கங்காணி தீர்மானம் பண்ணிவிட்டார். அது எந்தத் திசையில் இருக்கிறது என்பதை மட்டும் இன்னும் தீர்மானம் பண்ணவில்லை. கந்தப்பளையில் பஸ் ஏறி, நானுஓயாவில் ரயில் பிடித்து, கொழும்பில் கப்பலில் உட்கார்ந்துவிட்டால், அதற்கப்புறம் கப்பல்காரன் பாடு. வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். கங்காணியின் வாய்க்கு வங்காளம் பக்கத்து ஊர்.

காரணம் ஒரு கடிதம். முன்னே இந்தத் தேயிலைத் தோட்டத்தில் சின்னத்துரையாக, அதாவது உதவி மேனேஜராக இருந்த ஹார்வி, அறுபத்திரண்டாம் வருஷம் அர்ஜென்டினாவிலிருந்து கங்காணிக்கு எழுதியிருந்தார். அங்கே அவர் தேயிலை போட்டிருக்கிறார். பெண்கள் கொழுந்தைக் கத்தரியால் வெட்டுகிறார்களாம், தேயிலைத் தூள் வாயில் வைக்க விளங்கவில்லையாம். கொழுந்து எடுக்கவும் கற்றுக்கொடுக்கவும் தெரிந்த ஓர் ஆள் ஆறு மாதத்துக்கு வேண்டும். அடுத்த மாதம் அவருடைய கூட்டாளி கொன்சாலஸ் வந்து, நேரில் பார்த்து ஆளை எடுப்பார்.

இங்கிலீஷ் கடிதத்தைத் தமிழில் வாசித்துச் சொன்னவர் தோட்டப் பள்ளிக்கூடத்து மரியரட்ணம் மாஸ்டர். கடைசியில் ஒரு வரி இருந்தது: ஆணானாலும் சரி, பெண்ணானாலும் சரி. அந்த வரியை ஆண்டியப்பன் பள்ளிக்கூட வாசலிலேயே விட்டுவிட்டு, மிச்சக் கடிதத்தோடு லயத்துக்கு, வரிசை வீடுகளில் ஒன்றான தன் வீட்டுக்கு வந்தார்.

அவர் சம்சாரம் அம்மாக்கண்ணு அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தா புள்ள, கேட்டுக்க. நான் சீமைக்குப் போறேன்."

"எப்ப வருவீங்க?"

"எந்த ஊருன்னு கேக்க மாட்டியா?"

"எந்த ஊருக்குப் போனாலும் வேட்டிய நான்தான தொவைக்கணும். சரி, எந்த ஊரு?"

"அர்ஜென்டினா. ஸ்பானிஷ் பேசுற நாடு. அங்க உள்ள பொம்பளைங்களுக்குக் கொழுந்து எடுக்கக் கத்துக்குடுக்கப் போறேன்."

ரொட்டி தட்டின கை நின்றது.

"யாரு கத்துக்குடுக்கிறது?"

"நான்தான்."

"கொழுந்தா?"

"ஆமா."

"நீங்களா?"

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுவது ஆண் வேலை, கொழுந்து எடுப்பது பெண் வேலை. ஆம்பிளை கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டினால் லயமே கூடிச் சிரிக்கும். ஆண்டியப்பன் கங்காணி வேலையில் இருபத்திரண்டு வருஷமாகக் குடை பிடித்துக்கொண்டு பெண்களுக்குப் பின்னால் நின்று கத்தியிருக்கிறார். கத்தினதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரே ஒரு கொழுந்தைக்கூடக் கிள்ளினதில்லை.

"இருவத்திரண்டு வருசமா கொழுந்து மலையில நிக்கிறேன். எனக்குத் தெரியாத கொழுந்தா?"

"இருவத்திரண்டு வருசமா சோறு திங்கிறீங்க. ஒரு நாளாச்சும் வடிச்சிருக்கீங்களா?"

ஆண்டியப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தார். கொன்சாலஸ் கண்ணுக்கு முன்னால் எடுத்துக் காட்டச் சொன்னால் மானம் போகும், அர்ஜென்டினாவும் போகும். பாஸ்போட்டுக்குக் கவலையில்லை. லயத்தில் பாதிப் பேருக்குக் கிடைக்காத பிரஜாவுரிமைக் கடுதாசி அவரிடம் இருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஓயாமல் நச்சரித்து அதற்கு மனுப் போட வைத்தவள் அம்மாக்கண்ணுதான். அவள் பேரும் அதில் இருந்தது. அதையெல்லாம் அவர் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

மறுநாள் அவர் குரல் இறங்கிவிட்டது.

"ஏ புள்ள. ஒரு பத்து நாளு எனக்குச் சும்மா... கைய எப்படி வெக்கிறதுன்னு காட்டேன். வெளிய தெரிய வேணாம்."

"காட்றேன். ஆனா அந்தத் தொரை வர்ற அன்னைக்கி நானும் வருவேன்."

"நீ எதுக்கு?"

"கூடைய ஒழுங்கா மாட்டிவிட ஆளு வேணாமா?"

இதற்குப் போய் என்ன பேரம் என்று அவர் சம்மதித்துவிட்டார். அன்றைக்கு ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

லயத்துக்குப் பின்னால், மரக்கறித் தோட்டத்தை ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு தேயிலைச் செடிகள் இருந்தன. அங்கே பாடம் ஆரம்பமானது. கங்காணி இடுப்பில் சாக்கைச் சுற்றி, தலையில் கூடைக் கயிற்றை மாட்டி நின்றார். பக்கத்து வீட்டு நாகலெட்சுமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, கங்காணிக்கு என்ன ஆச்சு?"

"வேண்டுதலு" என்றாள் அம்மாக்கண்ணு. "யாருகிட்டயும் சொல்லிராத."

அரை மணி நேரத்தில் லயத்துக்கே தெரிந்துவிட்டது.

பாடம் லேசாக இல்லை. அவர் கிள்ளினால் குச்சியோடு வந்தது. குச்சி வராவிட்டால் முற்றின இலை வந்தது. அம்மாக்கண்ணு கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி வெளியே எறிந்தாள்.

"என்னா இது, கொழுந்தா, மாட்டுக்குப் புல்லா? கண்ண எங்க வெச்சிருக்க?"

"அடியே, புருசனப் பாத்து என்ன பேச்சு இது?"

"நான் எங்கங்க பேசுறேன். இது நீங்க தினமும் எனக்குச் சொல்றது. இன்னைக்கி உங்களுக்கு அரைப் பேருதான்."

அரைப் பேர் என்றால் அரை நாள் கூலி. ஆயிரம் தடவை மற்றவர்களுக்குப் போட்ட தண்டனை தன் தலையில் விழுந்தபோதுதான் அதன் எரிச்சல் அவருக்குத் தெரிந்தது.

பாதிரியாரிடமிருந்து மாஸ்டர் ஒரு ஸ்பானிஷ் புத்தகம் வாங்கிக் கொடுத்திருந்தார். கங்காணி அடுப்படியில் குந்திக்கொண்டு, "உனோ, தோஸ், த்ரேஸ்" என்று சத்தமாக உருப்போட்டார். ஒன்று, இரண்டு, மூன்றுதான். விடியற்காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது "புவெனோஸ் தியாஸ்" என்று எல்லாருக்கும் காலை வணக்கம் சொன்னார். யாரையோ ஏசுகிறார் என்று ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு சாயந்திரம் அம்மாக்கண்ணு கேட்டாள்.

"கப்பல்ல எத்தன நாளு கடலையே பாத்துக்கிட்டுப் போவீங்க?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும்."

"நான் கடலே பாத்ததில்லைங்க."

"தண்ணிதான புள்ள. நம்ம இறம்பொடை அருவியில இல்லாத தண்ணியா? நான் பாத்துட்டு வந்து சொல்றேன்."

அவள் பன்னிரண்டு வயசில் கூடை மாட்டினவள். இந்த மலையை விட்டால் கண்டிக்கு ஒரு தடவை போயிருக்கிறாள். அவளுக்கும் ஆசை இருக்கும் என்று கங்காணிக்குத் தோன்றவே இல்லை. நல்ல மனுஷன்தான், ஆனால் அந்தப் பக்கம் அவருக்குக் கண் கிடையாது.

கொன்சாலஸ் வந்தார். வாட்டசாட்டமான ஆள், பெரிய மீசை. நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசுவார். பெண்கள் அன்றைக்கே அவருக்குக் கொஞ்சலிங்கம் என்று பேர் வைத்துவிட்டார்கள். தோட்டத்து மேனேஜரான பெரியதுரையோடு மலைக்கு வந்து, செடி நெரையின் ஓரத்தில் நின்றார். ஆண்டியப்பன் கோட்டுக்கு மேலே கூடையை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

பத்து நாள் படித்ததெல்லாம் பத்து நிமிஷத்தில் பறந்துவிட்டது. குச்சி வந்தது, முற்றல் வந்தது. அன்றைக்கென்று மாட்டியிருந்த காற்சட்டைக்குள் ஓர் அட்டை ஏற, கங்காணி அங்கேயே குதித்தார்.

"இது நல்ல செடி இல்லைங்க தொரை" என்றார்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். கொன்சாலஸ் பெரியதுரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த ஆட்டத்துக்கு எந்த பாஷையிலும் ஒரே அர்த்தம்தான்.

அப்போது அம்மாக்கண்ணு வந்து கங்காணியின் மணிக்கட்டைப் பிடித்தாள். "பதறாதீங்க. எங்கிட்ட எடுத்த மாதிரியே எடுங்க. ரெண்டு இலை, நடுவுல ஒரு மொட்டு." வெள்ளைக்காரருக்கு விளங்கவில்லை என்று பார்த்ததும் நிமிர்ந்தாள். இரண்டு இலையைத் தொட்டு, "தோஸ்" என்றாள். மொட்டைத் தொட்டு, "உனோ" என்றாள்.

கொன்சாலஸின் மீசை மேலே ஏறியது. கையிலிருந்த தொப்பியைப் பெரியதுரையிடம் கொடுத்துவிட்டு அவரே செடிக்குள் இறங்கினார். கிள்ளினார். அம்மாக்கண்ணு அதை வாங்கிப் பார்த்து, "ம்ஹும்" என்று தூர எறிந்தாள். பெரியதுரைக்கு மூச்சே நின்றது. கொன்சாலஸ் சிரித்துக்கொண்டு மறுபடி கிள்ளினார். அதையும் எறிந்தாள். கால் மணி நேரத்தில் அந்த மீசைக்காரர் சுத்தமாகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு கையும் கொழுந்துமேல் ஓட அவள் அவருக்குக் கற்றுக்கொடுத்த அழகை ஆண்டியப்பன் வாய் பிளந்து பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் பின்னால் நின்றும் பார்க்காமல் விட்டது அது. அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

மூன்று வாரத்தில் ஒப்பந்தக் கடுதாசி வந்தது. மாஸ்டர் வாசித்தார்.

"திருமதி அம்மாக்கண்ணு, கொழுந்து ஆசிரியை. ஆறு மாசம்."

"எழுத்துப் பிழையா இருக்கும் மாஸ்டர்."

"மூணு எடத்துல ஒரே பிழையா போட மாட்டாங்க கங்காணி. ஆணானாலும் பெண்ணானாலும் சரின்னு மொதக் கடுதாசியிலயே இருந்ததுதான?"

"அது அவளுக்குத் தெரியாதே."

"அன்னைக்கி மத்தியானமே கடுதாசியோட இங்க வந்தாங்க. 'அவரு வீட்டுக்குக் கொண்டு வராத வரி ஒண்ணு இருக்கும், அத மட்டும் வாசிங்க மாஸ்டர்'னு கேட்டாங்க. வாசிச்சேன்."

ஆண்டியப்பன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மாஸ்டருக்கே பாவமாக இருந்தது.

"முழுசாக் கேளுங்க. ஆசிரியை தன்னோட ஒருத்தரக் கூட்டிட்டு வரலாமாம். கப்பல் டிக்கட்டு அவங்க செலவு."

கங்காணி எழுந்த வேகத்தில் பெஞ்சு சாய்ந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லயத்துக்கு ஓடினார். பாதி வழியிலேயே அவருக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. அவள் கடலைப் பார்க்கும்போது பக்கத்தில் நின்று முகத்தைப் பார்க்க வேண்டும், அது ஒன்று போதும் என்று அவருக்குத் தோன்றியது. மனுஷன் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

அம்மாக்கண்ணு வாசலில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, கூட ஒருத்தர் வரலாமாம்."

"தெரியுமுங்க. மாஸ்டர் காலையிலயே சொல்லி அனுப்பினாரு" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "இதுவரைக்கும் ஆறு பேரு கேட்டிருக்காங்க. ஏழாவதா உங்களையும் சேத்துக்கிறேன், பாப்போம்."