எருமை பார்த்த கடல்

புது மாப்பிள்ளை கையில் கேமராவைக் கொடுக்கவே கூடாது. மாமனார் வீட்டு விருந்தைச் சாப்பிட்டுச் சாப்பிட்டு, தனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவுமில்லை என்று அவன் நம்பிக்கொண்டிருக்கும் நேரம் அது. நானும் நம்பினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கும் சித்ராவுக்கும் கல்யாணம் ஆனது. எனக்குப் பீளமேட்டில் பம்பு கம்பெனியில் வேலை. மாமனார் வீட்டுக்குத் துடியலூர் தாண்டித் தோட்டம், கொஞ்சம் தென்னை, ஓர் எருமை. இதில் எருமைதான் முக்கியம். அத்தை கை பட்டால்தான் பால் கறக்கும். வேறு யார் போய் உட்கார்ந்தாலும் உதைதான். அதனால் அத்தை எந்த விசேஷத்துக்குப் போனாலும் பால் கறக்கும் நேரத்துக்குள் வீடு திரும்பிவிடுவார். வெளியூரில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. (ஜெயிலில் இருப்பவனுக்குக்கூடப் பரோல் உண்டு.)

நாங்கள் மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று கிளம்பியபோது அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஏனுங்க மாப்ளை, கடலை மட்டும் ஒரு போட்டோ புடிச்சுட்டு வாரீங்களா? நான் பாத்ததே இல்லீங்க.”

கேட்டுவிட்டு வெட்கப்பட்டார். பேரன் பேத்தி எடுக்கும் வயதில் இதைக் கேட்கிறோமே என்ற கூச்சம். எனக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது.

“ஒண்ணு என்னங்கத்தை, ஒரு ரோலே எடுத்துட்டு வாரேன்,” என்றேன்.

கேமரா ஆபீஸ் நண்பனுடையது. கீழே மட்டும் போட்டுவிடாதே என்று சொல்லிக் கொடுத்தான். அந்த ஒன்றைத்தான் நான் சரியாகச் செய்தேன்.

மதுரையில் கோபுரம் எடுத்தேன். நாகர்கோவில் பக்கம் வயலைப் பார்த்ததும் பஸ் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினேன். கன்னியாகுமரியில் முழங்கால் தண்ணீரில் நின்று அத்தைக்காக அலை அலையாக எடுத்தேன்.

“என்னையும் ஒண்ணு எடுப்பீங்களா?” என்று சித்ரா கேட்டாள்.

“நீ ஊட்டுல எப்பவும் இருப்ப. கடல் இருக்குமா?” என்றேன். (அதற்குப் பிறகும் அவள் என்னோடு குடித்தனம் நடத்துவது அவள் பெருந்தன்மை.)

ரோல் முடிந்தால் அதைத் திருப்பிச் சுற்றி, ஃபிலிமின் நுனியை டப்பாவுக்குள் முழுதாக விட்டுவிட வேண்டும். அப்போதுதான் இது எடுத்து முடித்த ரோல் என்று தெரியும். தேர்ந்த கலைஞர்கள் நுனியைக் கொஞ்சம் வெளியே விட்டுவைப்பார்கள் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தேன். நானும் விட்டுவைத்தேன். அதே பையில்தான் புது ரோலும் இருந்தது.

ஊர் திரும்பியதும் அந்தப் புது ரோலைப் போட்டு, தோட்டத்தில் எல்லோரையும் எடுத்துத் தள்ளினேன். இரண்டு ரோலையும் டவுன்ஹால் பக்கம் ஒரு பாயின் ஸ்டுடியோவில் கொடுத்தேன். வாங்கப் போனபோது, “ஒருக்கா பாத்துட்டுப் போயிருங்களேன்,” என்றார் பாய். எங்கள் அத்தைதான் முதலில் பார்க்க வேண்டும் என்று பெருமையாகச் சொல்லி, கவரைப் பிரிக்காமல் கிளம்பினேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். நான் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, சொந்தக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, அத்தை கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கவரைப் பிரித்தார். ஒரு ரோலில் படமே இல்லை, வெறும் நெகட்டிவ். இன்னொன்றில் எல்லாமே இருந்தது. புது ரோல் என்று நினைத்து, எடுத்து முடித்த ரோலையே மறுபடி போட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக எடுத்திருக்கிறேன். தோட்டத்து வேப்பமரத்துக்குள் மதுரைக் கோபுரம் முளைத்திருந்தது.

“மாப்ளை, இந்தக் கோயிலுக்கு எந்தப் பஸ்ஸுங்க?” என்று ஒரு பெரியப்பா அக்கறையாக விசாரித்தார்.

கடைசியாக அந்தப் படம் வந்தது. எருமைக்கு ஒரு பக்கம் அத்தை, மறுபக்கம் மாமா. கறுப்பாக இருந்த இடத்திலெல்லாம் கடல் புகுந்திருந்தது. எருமை வயிற்றில் அலை அடித்தது. அத்தையின் கருநீலச் சேலை முழுக்க நுரை. மாமாவின் வெள்ளை வேட்டி மட்டும் நனையாமல் தப்பித்திருந்தது.

அந்த மனுஷி வாழ்க்கையில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் எருமைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

அத்தை எருமை வயிற்றின் மேல் விரலை வைத்து மெல்லத் தடவினார். “இதுதாங்களா கடலு? நெம்ப நல்லா இருக்குதுங்க மாப்ளை.” (வீடே இடிந்து விழுந்தாலும் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையிடம் இப்படித்தான் சொல்வார்கள்.)

மாமா அதிகம் பேசாதவர். படத்தை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“எருமையே கடலைப் பாத்துப்போட்டு வந்துருச்சு. நீ இன்னும் பாக்கலியே அம்மணி,” என்றார். “மாப்ளை கூடப் போயிட்டு வா. பாலை நான் கறந்துக்கறேன்.”

“உங்களுக்குக் கறக்காதுங்களே.”

“உன்ற சேலையைக் கட்டிக்கிட்டு உக்காந்தா அதுக்கென்ன தெரியப் போகுது.”

அடுத்த மாதமே போனோம். மாமா சொன்னபடியே மீசையும் மஞ்சள் சேலையுமாகக் கறந்ததைப் பக்கத்துத் தோட்டத்தார் வேலியோரம் நின்று பார்த்தார்களாம். முதல் நாள் எருமை உதைத்தது. மறுநாள் பாவம் பார்த்துப் பால் கொடுத்தது.

கன்னியாகுமரியில் அத்தை சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைக்குள் இறங்கினார். பிறகு, “போட்டோவுல பாத்ததைவிடப் பெருசுங்க. எருமையத்தான் காணோம்,” என்று சிரித்தார். சிரித்தவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவரும் பாத்ததில்லீங்க மாப்ளை.”

அடுத்த வருஷம் மாமாவைக் கூட்டிப்போனோம். அப்போது பால் கறக்க அத்தை வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. இப்போது மாமாவும் இல்லை, எருமையும் இல்லை. அத்தையும் மாமாவும் சேர்ந்து கடலில் நிற்பது அந்த ஒரு படத்தில் மட்டும்தான். ஃபிரேம் போட்டு அத்தை கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறது. எனக்கு அதைப் பார்க்க இப்போது கூச்சமாக இல்லை.

என்னை யாரும் கேமராவைத் தொட விடுவதில்லை. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து எந்த ஊருக்கு வேன் கிளம்பினாலும் யாராவது, “எருமை ஏறிருச்சா?” என்று கேட்பார்கள். புது டிரைவர்கள் திரும்பிப் பார்த்து முழிப்பார்கள். முன்சீட்டிலிருந்து அத்தைதான் பதில் சொல்வார்.

“அது நமக்கு முன்னாலயே போயிருச்சு கண்ணு. நீ வண்டிய எடு.”