பூச்சி சாரின் எட்டு சீசாக்கள்

உலகத்திலேயே கிருமிகளுக்கு நடத்தைச் சான்றிதழ் எழுதிக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் பூச்சி சார்தான். 'இது நல்ல பிள்ளை, இது போக்கிரி, இது சகவாசத்தால் கெட்டது' என்று, கண்ணுக்கே தெரியாத ஜீவராசிகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். பெற்ற தகப்பன்கூட அவ்வளவு அக்கறையாகப் பேசமாட்டான்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்கள் சந்தில் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. தர்மபுரி தனி மாவட்டமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் கல்யாணமாகி, கம்பைநல்லூரிலிருந்து ஒரு தூக்கில் அம்மா வீட்டு உறைமோரோடு அங்கே குடிவந்தேன். எட்டு வீடு, ஒரே கிணறு. மாடியில் ஓர் ஒற்றை அறை, அதில் பூச்சி சார். மைக்ரோபயாலஜி படித்தவர், கல்யாணம் ஆகாதவர். பகலெல்லாம் அரசாங்கப் பரிசோதனைக் கூடத்தில் டைபாய்டு, காலரா என்று போக்கிரிகளோடு மல்லுக்கட்டுவார். சாயங்காலமானால் சொந்த ஆராய்ச்சி: தயிர், மோர், புளித்த கேழ்வரகுக் கூழ். அவற்றில் வயிற்றுக்கு நல்லது செய்கிற கிருமிகள் இருக்கின்றன என்பது அவர் கட்சி.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். ஒருநாள் அவர் பஸ்ஸில் பூச்சி சார் ஏறினார். வத்தல்மலை மேலே நடந்தே போய், யார் வீட்டிலோ கேட்டு வாங்கிய கூழைச் சீசாவில் அடைத்து மடியில் வைத்திருந்தார். வெயிலில் கூழ் பொங்கி, 'டப்' என்று தக்கை தெறித்து, முன் சீட்டுக்காரருக்குத் தலையோடு அபிஷேகம் ஆகிவிட்டது. பஸ்ஸே அலறியது. பூச்சி சார் மட்டும் எழுந்து நின்று கையைத் தட்டினாராம்.

"உசுரோட இருக்குதுங்க! எல்லாம் உசுரோட இருக்குதுங்க!"

"அன்னிக்கு அவரு உசுரோட எறங்கினதே பெருசு" என்பார் என் வீட்டுக்காரர்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கரண்டி தயிர் கேட்டு வாங்கிப் போனார். எதற்கென்று புரியாமலே கொடுத்தோம். ஒருநாள் அவர் ஜன்னலில் எட்டு சீசாக்கள் வரிசையாக நிற்பதையும், 'ரோசம்மா வூடு', 'மாதம்மா வூடு', 'கண்டக்டர் வூடு' என்று சீட்டு ஒட்டியிருப்பதையும் பக்கத்து வீட்டு ரோசக்கா பார்த்துவிட்டார். சந்தே மாடிப்படியில் ஏறியது.

"எங்க வூட்டுப் பேரை எழுதி சீசாவுல அடைச்சு வெச்சிருக்கீங்களே, என்னா செய்வினை சார் இது? நாங்க மாதாகோயிலுக்குப் போறவங்க. எங்ககிட்ட இதெல்லாம் பலிக்காது, ஆமா!"

பூச்சி சார் மைக்ராஸ்கோப்பை எடுத்து வைத்தார். ரோசக்கா ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"ஐயையோ, குச்சி குச்சியாக் கெடக்குதே! எங்க வூட்டுத் தயிர்லயா?"

"ஆமாங்க. எல்லாம் நல்லவங்க. மத்த வூட்டைவிட உங்க வூட்டுல ரெண்டு மடங்கு."

ரோசக்காவின் கோபம் பாதி வழியில் திரும்பிப் பெருமையாகிவிட்டது. எதிர்வீட்டு மாதம்மாக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அவங்க வூட்டுல இருக்குறது எங்க வூட்டுல இல்லாம போயிருமா? நல்லாப் பாருங்க சார்!" என்று சண்டைக்கு வந்தார். என் முறை வந்தது. "கண்டக்டர் வூட்டுல கொஞ்சம் கம்மிதாங்க. ஆனா கெட்டிக்காரங்க" என்றார். என் தாய்வீட்டைக் குறை சொன்ன மனிதரோடு ஒரு வாரம் நான் பேசவில்லை.

அந்தக் கோடையில் கிணறு அடிமட்டத்துக்குப் போய்விட்டது. இரண்டு வீட்டில் ஜுரம். பூச்சி சார் தண்ணீரைச் சோதித்துவிட்டு வீடு வீடாக வந்தார். "கொதிக்க வெக்காம ஒரு சொட்டு குடிக்காதீங்க." கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டோம் என்றோம். காட்டினார்.

"இதுவும் குச்சிதானே? தயிர்ல இருந்ததும் குச்சிதானே? நல்லவன் கெட்டவன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று மடக்கினார் ரோசக்கா.

"மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாதுங்க. வளத்துப் பாத்தாத்தான் தெரியும்."

இந்த ஓர் உண்மையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். பார்த்துத் தெரியாதென்றால் எதற்கு வம்பு என்று, எட்டு வீட்டுத் தயிரும் அன்றே சாக்கடைக்குப் போனது. சட்டிகளைச் சோடா போட்டுத் தேய்த்துக் கொதிநீரில் முக்கினோம். உறை ஊற்ற எந்த வீட்டிலும் ஒரு சொட்டு மோர் மிச்சமில்லை. ஆபீசிலிருந்து வந்த பூச்சி சார், வெள்ளையாக ஓடிய சாக்கடையைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அப்படியும் என் வீட்டுக்காரருக்கு டைபாய்டு வந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி மாத்திரையில் ஜுரம் இறங்கியது, ஆனால் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. மாத்திரை போக்கிரிகளோடு நல்லவர்களையும் சேர்த்து விரட்டிவிட்டது என்றார் பூச்சி சார். நாள் முழுக்கப் பையைத் தோளில் மாட்டி நின்றவருக்கு டம்ளரைப் பிடிக்கத் தெம்பில்லை. நீர்மோர் கொடுக்கும்படி டாக்டரே சொன்னார். நான் கொடுக்கவில்லை. அந்தக் குச்சிகளைக் கண்ணால் பார்த்தவள் நான். எனக்கு இருபது வயது. இவர் போய்விடுவார் என்ற பயத்தில் எனக்குப் புத்தியே வேலை செய்யவில்லை.

மறுநாள் காலை பூச்சி சார் 'கண்டக்டர் வூடு' சீசாவோடு வந்தார். "உங்க அம்மா வூட்டு உறைதாங்க. விட்டுடாம புதுப் பால் ஊத்திக் காப்பாத்தி வெச்சிருக்கேன்."

நான் கதவை மறித்து நின்றேன். "ஒரு பூச்சி படுத்துன பாடு பத்தாதா? இன்னொண்ணா? போயிடுங்க சார்!"

அவர் கோபிக்கவில்லை. அங்கேயே மோர் கரைத்து, என் கண்ணெதிரே ஒரு டம்ளர் குடித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"சாயந்திரம் வரைக்கும் இங்கயே இருக்கேங்க. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அவருக்குக் குடுக்காதீங்க."

அன்று ஆபீசுக்கே போகவில்லை. மணிக்கொரு தரம் ரோசக்கா வந்து விசாரித்தார். "என்னா சார், வயிறு எப்படி இருக்குது?"

"கல்லாட்டம் இருக்குதுங்க."

"மறைக்காமச் சொல்லுங்க!" என்று சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து ஜெபமாலை உருட்டத் தொடங்கினார். பூச்சி சார் சாகிறாரா என்று பார்க்கச் சந்தே வந்து வந்து போனது. ஐந்து மணிக்கு அவர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, மூன்று தரம் எம்பிக் குதித்தார். "பாத்துக்குங்க!"

நான் சிரித்தேன். சிரிப்பு அழுகையாக மாறியது. உள்ளே போய் இரண்டு ஸ்பூன் மோர் கொடுத்தேன். பிறகு இன்னும் இரண்டு. மெல்ல மெல்லப் போக்கு மட்டுப்பட்டது. மூன்றாம் நாள் காலை என் வீட்டுக்காரர் டம்ளரை வாயில் வைத்துவிட்டு என்னை முறைத்தார்.

"ஏன், இன்னும் ஒரு கல்லு உப்புப் போட்டாத்தான் என்னவாம்?"

குறை சொல்கிற தெம்பு வந்துவிட்டது! மாடிப்படியில் ஓடி, "சார், உப்புக் கேக்கறாருங்க!" என்று கத்தினேன். அன்றே மற்ற ஏழு வீட்டு உறையும் அவரவர் வீட்டுக்குத் திரும்பியது. "எங்க வூட்டு வாசமேதான்!" என்று ரோசக்கா முகர்ந்து முகர்ந்து பார்த்தார்.

அடுத்த வருஷம் அவருக்கு மாற்றல் வந்தது. என் வீட்டுக்காரரின் பஸ்ஸில்தான் கிளம்பினார். ஜன்னல் வழியாக ஒரு சீசா உறைமோரை நீட்டினேன்.

"எந்த வூட்டுதுங்க?" என்றார் பழக்கதோஷத்தில்.

"சீட்டைப் படிச்சுப் பாருங்க சார்."

'பூச்சி சார் வூடு' என்று எழுதியிருந்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். என் வீட்டுக்காரர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, ஊதாமல், வேறு பக்கம் பார்த்தபடி நின்றார்.

இன்றைக்கும் மோரில் உப்புக் குறைந்தால் இந்த மனுஷர் என்னை முறைக்கிறார். முறைக்கட்டும் சார், நன்றாக முறைக்கட்டும்.